ஒலிவழிப் பெயரடைவு

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தார் குடும்ப விவரத் திரட்டு ஒன்றைத் தொகுத்து வெளியிடக் கருதியிருப்பதை யாவரும் அறிவீர்கள். அதன்பொருட்டு உள்ளூரிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் வந்து குவிந்துள்ள படிவங்களிற் கண்ட பெயர்களை அடைவு செய்வது எங்ஙனம் என்பதுபற்றிச் சில சொற் கூறுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். பெயரை அடைவு செய்வதில் என்ன அருமை உண்டு, அகர வரிசையில் அடுக்கினாற் போதாதோ என்று சிலர் நினைத்தல் கூடும். போதாது என்பதும், அதற்குப் பிறநாட்டார் கண்ட வழி இஃது என்பதும், அவ்வழியை நாம் அப்படியே மேற்கொள்ளலாகாது என்பதும் ஆகிய மூன்றுமே இன்று யான் கூறப் புகுவன.

ஒரு பெயர் வாயிற் பிறக்கும்போது ஒன்றாகவும், கையால் எழுதப்படும்போது பலவாகவும் ஆகின்றது. ராமஸ்வாமி, ராமசாமி, இராமசாமி, ராம்சாமி என்னும் நான்கும் ஒரு பெயரே. ஆயினும் அகர வரிசையில் இராமசாமி இகரத்திற்குப் போய்விடுகின்றார். ராமசாமி ரகரத்தில் நிற்கின்றார். இருவரும் உடன்பிறந்தாராயினும் புத்தகத்தில் அவர்களுக்கிடையே பல நூறு பக்கங்கள் உள. ஆங்கில எழுத்தில் எழுதப் புகுந்தாலோ இவ்வேற்றுமை இன்னும் பெருகுகின்றது. பள்ளிச் சான்றிதழில் ஒருவிதம், ரேஷன் அட்டையில் ஒருவிதம், பட்டாவில் ஒருவிதம், வங்கிக் கணக்குப் புத்தகத்தில் ஒருவிதம் என்று நம்மவர் பெயர் நான்கு வேடம் புனைகின்றது. கணவன் பெயர் ஓரிடத்தில் ஓரெழுத்துக் கூடியும் மற்றோரிடத்தில் ஓரெழுத்துக் குறைந்தும் இருப்பதனால், வாரிசுச் சான்றுக்காகவும் உதவித் தொகைக்காகவும் அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக அலையும் கைம்பெண்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றார்கள். ஆதலின் இது வெறும் எழுத்துப் பிழையைப்பற்றிய பேச்சன்று; சோற்றைப்பற்றிய பேச்சுமாகும்.

இத் துன்பத்தை நம்மினும் பெரிய அளவில் பட்டவர்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டினர். அந்நாடு பல தேசத்து மக்கள் வந்து குடியேறிய நாடு. ஜெர்மானியர், ஐரிஷ்காரர், போலந்தினர், இத்தாலியர், யூதர் எனப் பலரும் தத்தம் பெயரோடு வந்திறங்கினர். பெயரைச் சொல்பவர் ஒரு மொழியினர்; கேட்டு எழுதுபவர் வேறு மொழியினர். ஜெர்மன் மொழியிற் கொல்லனைக் குறிக்கும் ஷ்மிட் என்னும் பெயரும், அதே பொருளுடைய ஆங்கிலப் பெயராகிய ஸ்மித் என்பதும் ஒன்றனருகே ஒன்று வாழத் தொடங்கின. ஸ்மித் என்பதனையே இரண்டு மூன்று வகையாக எழுதுவாரும் உளர். இப்பெயர்களை அகர வரிசையில் அடுக்கிய அட்டைகளினிடையே ஒருவரைத் தேடிக் காண்பது வைக்கோற் போரில் ஊசி தேடுவதே ஆயிற்று.

இதற்கு வழி கண்டவர் பென்ஸில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரத்தினரான ராபர்ட் ரஸ்ஸல் என்பவர். அவர் தாம் கண்ட முறைக்கு 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் காப்புரிமை பெற்றனர். அவரோடு உடனுழைத்த மார்கரெட் ஓடெல் என்னும் அம்மையார் பெயரும் இம்முறையொடு சேர்த்தே வழங்கப்படும். பெயரை எழுத்தால் அடுக்காது ஒலியால் அடுக்குக என்பதே அவர்கள் கண்ட உண்மை. சவுண்டெக்ஸ் என்பது அதற்கு வழங்கும் பெயர். ஒலியடைவு என நாம் சொல்லலாம்.

ரஸ்ஸல் தம் முதற் காப்புரிமையில் ஒலிகளை எட்டு வகையாகப் பகுத்தார். இதழிற் பிறப்பன, பல்லைச் சார்ந்து பிறப்பன, அண்ணத்தைச் சார்ந்து பிறப்பன, மூக்கொலியாவன என்றிவ்வாறு பிறப்பிடம்பற்றி அவர் இனம் வகுத்தமையைத் தமிழிலக்கணம் பயின்றோர் காணின் வியவாதிரார். ஏனெனில் தொல்காப்பியனார் பிறப்பியலில் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டிடங்களைக் கூறி எழுத்தின் பிறப்பை வகுத்துள்ளார். இரண்டு எட்டும் ஒன்றே என்று யான் சொல்லவில்லை. எண்ணிக்கை ஒத்தது தற்செயலே. ஆனால் ஒலியை இனம் பிரிக்க வேண்டின் வாயையும் மூக்கையும் நோக்க வேண்டும் என்னும் நெறி இருவர்க்கும் பொதுவாகும்.

பின்னர் இம்முறை சுருக்கப்பெற்று, இன்று வழங்கும் உருவத்தை அடைந்தது. அதனைச் சொல்லுவேன், நுணுக்கமொன்றும் இல்லை, பள்ளிச் சிறுவரும் ஐந்து நிமிடத்திற் கற்கலாம்.

பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்க. எஞ்சியவற்றுள் உயிரெழுத்துக்கள் ஐந்தையும் ஒய் என்னும் எழுத்தையும் விட்டுவிடுக. எச், டபிள்யூ என்னும் இரண்டையும் விடுக. மற்றைய மெய்களுக்கு எண் இடுக. நாம் பகரம் ஒன்றாலேயே எழுதிவரும் ஆங்கில எழுத்துக்கள் இரண்டும், எப், வி என்பனவும் ஆகிய நான்கிற்கும் எண் 1. சி, ஜி, ஜே, கே, க்யூ, எஸ், எக்ஸ், இஸட் என்னும் எட்டிற்கும் எண் 2. நாம் டகரத்தாலும் தகரத்தாலும் எழுதும் ஆங்கில எழுத்துக்கள் இரண்டிற்கும் எண் 3. எல் என்பதற்கு 4. எம், என் இரண்டிற்கும் 5. ஆர் என்பதற்கு 6. ஓரெண்ணுக்குரிய எழுத்துக்கள் இடையீடின்றி அடுத்தடுத்து வரின் ஒருமுறையே எண் இடுக. இடையே உயிர் வரின் இருமுறை இடுக. எச் அல்லது டபிள்யூ மட்டும் இடையில் வரின் ஒருமுறையே இடுக. முதலெழுத்தோடு மூன்றெண் சேர்ந்தவுடன் நிறுத்துக. எண் குறையின் சுழியால் நிரப்புக.

இவ்விதிப்படி ராபர்ட் என்பதற்குக் குறி ஆர்-163. ரூபர்ட் என்பதற்கும் அதுவே. ஸ்மித் என்பதற்கு எஸ்-530. எழுத்து மாற்றி எழுதிய ஸ்மித்துக்கும் எஸ்-530. ஜெர்மானிய ஷ்மிட்டுக்கும் எஸ்-530. வாஷிங்டன் என்பதற்கு டபிள்யூ-252. லீ என்னும் சிறு பெயருக்கு மெய்யே எஞ்சாமையின் எல்-000. இங்ஙனம் எழுத்தாற் பிரிந்த பெயர்கள் ஒலியால் ஓரிடத்துக் கூடுகின்றன.

இம்முறை அட்டைப் பெட்டிகளினின்று அரசாங்கத்தின் பெருங் காரியத்துக்கு ஏறியது எவ்வாறெனின், அதுவும் முதியோர் சோற்றின்பொருட்டே ஆகும். 1935-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் அந்நாட்டில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. 65 வயது நிரம்பினோர்க்கு உதவித் தொகை உண்டு எனச் சட்டம் கூறிற்று. 65 வயது நிரம்பினமைக்குச் சான்று யாது? அவர்கள் பிறந்த காலத்தில் அந்நாட்டின் பெரும் பகுதியில் பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் செம்மையாக இல்லை. ஆயினும் பத்தாண்டுக்கொருமுறை எடுத்த குடிமதிப்பு ஏடுகள் இருந்தன; அவற்றில் குழந்தையின் பெயரும் வயதும் இருந்தன. ஆகவே வேலையற்றோர்க்கு வேலை தரும் திட்டத்தின்கீழ் எழுத்தர் பலரை அமர்த்தி, அவ்வேடுகளைக் குடும்பம் குடும்பமாக அட்டைகளிற் பெயர்த்தெழுதி, ஒலிக்குறிப்படி அடுக்கச் செய்தனர்.

1880-ஆம் ஆண்டு ஏட்டில் அந்நாட்டு மக்கள் ஏறக்குறைய 5 கோடியர். அவ்வாண்டிற்குப் பத்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் இருந்த குடும்பங்களை மட்டுமே அட்டையில் எழுதினர். காரணம் வெளிப்படை: 1880-இல் பத்து வயதிற்குட்பட்டோரே 1935-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 65-ஐ எய்துவோர். 1890-ஆம் ஆண்டு ஏட்டின் பெரும்பகுதி 1921-ஆம் ஆண்டு ஜனவரியில் வாஷிங்டனில் நிகழ்ந்த தீயினாற் கெட்டொழிந்தது. 1900, 1920 ஆகிய ஆண்டுகளின் ஏடுகள் முழுமையாக ஒலியடைவு பெற்றன. 1910-க்கு 21 மாநிலங்களுக்கும், 1930-க்குத் தென்பகுதி மாநிலங்கள் சிலவற்றிற்குமே இவ்வடைவு உண்டு. தம் பெயரைத் தாமே எழுதத் தெரியாத ஏழை முதியவர், தம் பெயரை யாரோ ஓர் எழுத்தர் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எவ்வாறு எழுதினார் என்று அறியாத நிலையிலும், அதனை வாயாற் சொல்லியே தம் வயதை நிலைநாட்டிக்கொள்ள இம்முறை துணைசெய்தது. அறிவு ஏழைக்குப் பயன்படுதல் என்பது இதுவேயன்றோ!

கணிப்பொறி வந்தபின் இம்முறை அதனுள்ளும் புகுந்தது. டொனால்டு நூத் என்னும் பேராசிரியர் 1973-இல் வெளியிட்ட தம் பெருநூலின் மூன்றாம் தொகுதியில் இதனை எடுத்து விளக்கியபின் இது செயல்நிரல் எழுதுவோரிடையே நன்கு பரவிற்று. பெர்ல் என்னும் கணினி மொழியில் டெக்ஸ்ட் சவுண்டெக்ஸ் என்றொரு சிறு செயல்நிரற் பகுதி உண்டு. மாட்யூல் என அதனை வழங்குவர். பெயரை இட்டால் குறியைத் தரும். அவ்வளவே அதன் தொழில். பெரிய தரவுத்தளங்கள் பலவற்றிலும் இதே தொழிலைச் செய்யும் கட்டளை உள்ளேயே அமைந்துள்ளது. எழுத்தர் பலர் ஆண்டுக்கணக்கில் செய்ததனை இன்று நம் சங்க அலுவலகத்துக் கணிப்பொறி கண்மூடித் திறப்பதற்குள் செய்து முடிக்கும்.

ஆயினும் பொறிக்கும் விதி பிறழின் குறி பிறழும். ஆஷ்கிராப்ட் என்னும் பெயரில் எஸ் என்பதற்கும் சி என்பதற்கும் நடுவே எச் நிற்கின்றது. விதிப்படி இரண்டிற்கும் சேர்த்து ஒரே 2 இடுதல் வேண்டும். குறி ஏ-261 ஆகும். எச் என்பதனை உயிர்போற் கருதும் செயல்நிரல் ஏ-226 எனத் தரும். ஒரே பெயர்க்கு இரண்டு பொறிகள் இரண்டு குறி தந்தால் அடைவினாற் பயன் என்னை? ஆதலின் எவ்விதியைக் கொண்டோம் என்பதை அடைவின் முகப்பிலேயே எழுதி வைத்தல் இன்றியமையாதது.

இனி, இம்முறையின் குறைகளைக் கூறுவேன். முதலாவது, இது ஒலியை எண்ணுவதாகச் சொல்லப்படினும் உண்மையில் ஆங்கில எழுத்தையே எண்ணுகின்றது. நைட் என்னும் பெயரின் முதலில் ஒலியாத கே உண்டு. அதுவே குறியின் தலையெழுத்தாகிவிடுகின்றது. இரண்டாவது, முதலெழுத்தை மாற்றாது வைப்பதனால், கிராமர் என்பதனை சி-யால் எழுதுவோரும் கே-யால் எழுதுவோரும் என்றும் ஒன்றுகூடார். மூன்றாவது, ஆங்கிலப் பெயரை மனத்திற் கொண்டு வகுத்த இனங்கள் பிறமொழிப் பெயர்க்கு முற்றும் பொருந்தா.

இந்த மூன்றாம் குறையை உணர்ந்து தமக்கெனத் தனிமுறை வகுத்துக்கொண்டவர்கள் யூதர்கள். 1985-ஆம் ஆண்டில் கேரி மொகொடாப் என்பவர், 1921 முதல் 1948 வரை பாலஸ்தீனத்தில் சட்டப்படி பெயர் மாற்றிக்கொண்டோர் ஏறக்குறைய 28,000 பேருடைய பெயர்களை அடைவு செய்யப் புகுந்தார். மாஸ்கோவிட்ஸ் என்னும் ஒரே பெயரை டபிள்யூ இட்டு எழுதினால் குறி எம்-232. வி இட்டு எழுதினால் எம்-213. கிழக்கு ஐரோப்பாவில் வகரமே ஒலிக்கும் இடத்து அமெரிக்க விதி டபிள்யூவை ஊமையாக்கிற்று. அதனால் வந்த கேடு இது. மொகொடாப் புதுவிதி வகுக்க, ராண்டி டெய்ச் என்பார் அதனைத் திருத்தினார். அவர்தம் முறையில் முதலெழுத்தும் எண்ணாக மாறும். குறி ஆறெண் உடையது. ஓரெழுத்து இரண்டொலி தருமாயின் பெயர்க்கு இரண்டு குறியும் தரப்படும். அம்முறையில் மேற்சொன்ன இரு மாஸ்கோவிட்ஸும் 645740 என்னும் ஒரே குறியில் வந்து சேர்கின்றனர். அழிவிற் சிதறிய குடும்பங்களின் எஞ்சினோரைத் தேடும் பணிக்கு அது பயன்பட்டு வருகின்றது. ஜெர்மானியர்க்கு 1969-இல் போஸ்டல் என்பவர் வகுத்த கொலோன் முறை உண்டு. நியூஸிலாந்தில் 2002-இல் ஒடாகோ பல்கலைக்கழகத்தினர் பழைய வாக்காளர் பட்டியல்களை ஒப்புநோக்கத் தம் நாட்டு உச்சரிப்புக்கேற்ற முறை ஒன்று அமைத்தனர். இவற்றால் நாம் அறியக்கிடப்பது ஒன்றே: தம் பெயரின் ஒலியைத் தாமே அறிவர், அதற்குரிய விதியையும் தாமே வகுத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் அமெரிக்க முறையில் நம் பெயர்கள் எப்பாடு படுகின்றன என்று காண்போம். முதலில் நன்மையைச் சொல்லுதல் முறை. சுப்பிரமணியம் என்பதனை நாம் ஆங்கில முறையில் எழுதினால் எஸ்-165. மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் பிரெஞ்சு முறையில் சூப்ரமானியென் என எழுதுவர், அதுவும் எஸ்-165. முத்து என்பதும் பிரெஞ்சு எழுத்தில் அமைந்த மூத்தூ என்பதும் எம்-300. முருகேசன் என்பதனை நம்மூரில் எழுதும் வகையும் புதுச்சேரியில் எழுதும் வகையும் எம்-622. ராமஸ்வாமி, ராமசாமி, ராம்சாமி மூவரும் ஆர்-525. கடலுக்கு இருபுறமும் நின்றவரை இக்குறி கைகோத்துவிடுவது கண்டு மகிழாதிருக்க முடியாது.

இனித் தீமை. ராமச்சந்திரன் என்பதற்கும் ஆர்-525. ரங்கநாதன் என்பதற்கும் ஆர்-525! ராமசாமியும் ராமச்சந்திரனும் ரங்கநாதனும் ஒரே பெட்டியில் அடைபடுவராயின் அடைவினாற் பயனில்லை. நம் பெயர்கள் நீளமானவை. மூன்றெண் அவற்றிற்குப் போதாது. மற்றொன்று: அழகு என்பதனை எல் இட்டு எழுதினால் ஏ-420, ழகரத்திற்கு இஸட், எச் இரண்டும் இட்டு எழுதினால் ஏ-220. தமிழுக்கே சிறப்பாகிய ழகரம் இம்முறையில் சகரத்தோடு சேர்ந்து, தன் உறவாகிய லகர ளகரங்களை இழக்கின்றது. லக்ஷ்மி எல்-250, மலாயாவில் லெச்சுமி என்பதற்கு டி-ஒலி எழுத்தை நடுவே இட்டு எழுதுவர், அது எல்-325. இலங்கையில் கனகசபை என்பதனைச் சி-யால் எழுதுவோரும் கே-யால் எழுதுவோரும் உளர். ஆனந்த குமாரசுவாமியின் பெயரும் சி-யாலேயே உலகமறிந்தது. ஞானசம்பந்தம் என்பதனை ஜி, ஜே, என் என்னும் மூன்றெழுத்தாலும் தொடங்கி எழுதுகின்றோம். மூன்றும் மூன்றிடத்து நிற்கும்.

கடல் கடந்த நம்மவரைத் தேடும்போது இக்குறை எத்துணைப் பெரிதாகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவே சான்று. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் சென்னையினின்று சென்ற ட்ரூரோ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். அவருள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியே சென்ற தமிழரும் தெலுங்கருமாவர். கப்பற் பதிவேட்டில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதப்பட்டன. எழுதியோர் கேட்டபடி எழுதினர். நாயுடு என்னும் பட்டம் அங்கே எழுத்து மாறியும் குறி மாறாது என்-300 ஆகவே நிற்கின்றது. முதலியார் எம்-346, அதன் திரிபாகிய மூட்லி எம்-340. கவுண்டர் ஜி-536, அங்கே அதன் திரிபாகக் கொள்ளப்படும் கோவெண்டர் ஜி-153. அந்த ஜி-153 நம் கோவிந்தனுக்குரிய குறியாகும்! ஆகவே கவுண்டரைத் தேடப் போனவர் கோவிந்தனைக் கண்டு திரும்புவர்.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. மேனாட்டார்க்குக் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாது வரும். நமக்கோ தந்தை பெயரே தலைப்பெழுத்தாகின்றது. முருகன் மகன் கந்தன், கந்தன் மகள் வள்ளி எனின், முருகன் பெயர் கந்தனோடு நின்றுவிடும். வள்ளியின் முன் கந்தன் பெயரே நிற்கும். கடவுச்சீட்டில் தந்தை பெயரே குடும்பப் பெயராய்விடுவதால், அயல்நாட்டு ஏட்டில் பாட்டனும் பேத்தியும் வேறு வேறு குடும்பத்தினர்போலத் தோன்றுவர். ஆதலின் குடும்பப் பெயரொன்றை மட்டும் அடைவு செய்யும் மேனாட்டு வழக்கம் நமக்குப் பயன்படாது. தன் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், பூர்வீக ஊர் ஆகிய நான்கிற்கும் தனித்தனிக் குறி வேண்டும்.

இங்குத்தான் நம் இலக்கணம் கைகொடுக்கின்றது. இனவெழுத்து என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. செய்யுளில் இன எதுகை கொள்ளும்போது வல்லெழுத்தை வல்லெழுத்தோடும் மெல்லெழுத்தை மெல்லெழுத்தோடும் இடையெழுத்தை இடையெழுத்தோடும் ஒக்கக் கொள்ளுகின்றோம். மோனையில் ஞகரமும் நகரமும் ஒன்றற்கொன்று கிளையாகும். நிலம், நிலன் என ஈற்று மகரம் னகரமாய் மயங்குதலை நம் இலக்கணிகள் கண்டுரைத்தனர். அமெரிக்கரும் பிற்காலத்து எம், என் இரண்டையும் ஒரே எண்ணுள் வைத்தனர். வடசொல் முதலில் ரகர லகர யகரங்கள் வரின் முன்னே உயிர் தோன்றும் என்று நன்னூலார் விதித்தார். அதனைத் திருப்பிப் போட்டால் அதுவே நம் அடைவுக்கு முதல் விதியாகும்.

ஆகவே சங்கத்தார் ஆராய்ச்சிக்காக ஒரு முறையை இங்கே வைக்கின்றேன். பெயரைத் தமிழிலேயே எழுதுக. அதனால் ஒரே ஒலிக்குப் பல ஆங்கில எழுத்து இடும் குழப்பம் பெரும்பாலும் ஒழியும். முதற்கண் ரகர லகர யகரங்களுக்கு முன்வந்த உயிரை நீக்குக. அரசு, உலகு முதலிய தமிழ்ச் சொற்களில் அவ்வுயிர் சொல்லோடு பிறந்ததாதலின், அவற்றை விலக்கிய பட்டியல் ஒன்றும் உடன் வைத்துக்கொள்க. ஸ, ஷ, ஜ என்பனவற்றைச் சகரமாகக் கொள்க. முதலில் வரும் ஞகரத்தை நகரமாகக் கொள்க. பின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு, ககரத்திற்கும் ஹகரத்திற்கும் 1, சகரத்திற்கும் அதன் இனத்திற்கும், க்ஷ, ட்ச என்னும் கூட்டங்களுக்கும் 2, டகர தகரங்களுக்கு 3, பகரத்திற்கு 4, மெல்லினம் ஆறிற்கும் 5, ரகர றகரங்களுக்கு 6, லகர ளகர ழகரங்களுக்கு 7 என எண் இடுக. முதலெழுத்துக்குப் பின்வரும் உயிரையும் யகரத்தையும், மெய்யின்பின் வரும் வகரத்தையும் விடுக. ஏனை வகரத்திற்கு 8 இடுக. இடையீடின்றி வரும் ஓரின எழுத்துக்கு ஒருமுறையே எண் இடுக. முதலெழுத்தின்பின் ஐந்தெண் கொள்க.

இம்முறையில் ராமஸ்வாமி, இராமசாமி, ராமசாமி யாவும் ர-52500. ராமச்சந்திரன் ர-52536, ரங்கநாதன் ர-51535, எனவே மூவரும் பிரிந்தனர். லக்ஷ்மி, இலட்சுமி இருவரும் ல-25000 ஆயினர். ஷண்முகம், சண்முகன் இருவரும் ச-51500. சுப்பிரமணியன், ஸுப்ரமண்யம் இருவரும் ச-46555. குறுக்கி வழங்கும் சுப்பு, ராமு, லட்சு முதலியவை இதனுள் அடங்கா. அவற்றிற்கு அகராதிபோற் சிறு பட்டியல் ஒன்று வேண்டும். இது முடிந்த முடிபன்று. நம் இளைஞருள் கணிப்பொறி வல்லார் பலர் உளர். அவர்கள் இவ்விதிகளைச் செயல்நிரலாக்கி, கைவசமுள்ள படிவங்களில் ஓட்டிப் பார்த்து, எங்கே பிழை விழுகின்றது என்று கண்டு திருத்துவார்களாக.

முடிக்குமுன் பெரியோர்களாகிய உங்கள்பால் ஒன்று வேண்டிக்கொள்ளுகின்றேன். ஒத்த குறி ஒத்த குருதி அன்று. ராபர்ட்டும் ரூபர்ட்டும் ஒரே குறியுடையர், ஒரே ஆளல்லர். குறி ஒத்தது கொண்டு ஒருவரை நம்மவர் என்று சேர்த்தலோ, ஒவ்வாமை கொண்டு ஒருவரை நம்மவரல்லர் என்று விலக்குதலோ பெருந் தவறாகும். பிள்ளை, முதலி முதலிய பட்டங்களைப் பல வகுப்பினரும் தாங்கி வந்துள்ளனர். நேட்டாலிற் சென்றோருள்ளும் பட்டமும் குலமும் பொருந்தியே தீரும் எனக் கொள்ளுதற்கில்லை. இங்கேயோ, 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மகாநாடு பெயரின்பின் வரும் சாதிப் பட்டத்தை விடுக எனத் தீர்மானித்த பின்னர், தமிழ்நாட்டில் பட்டமின்றிப் பெயர் வழங்குதலே பெருவழக்காயிற்று. அது நன்றே. பெயரைக் கண்டு குலத்தை மோப்பம் பிடிக்கும் கருவியாக இவ்வடைவு ஒருநாளும் ஆகிவிடலாகாது. வேலைக்கோ வீட்டு வாடகைக்கோ வந்த ஒருவரின் பெயரை இத்தகைய பொறியிலிட்டுப் பார்க்கும் இழிவு நம் சங்கத்தின் பெயரால் நிகழ்தல் கூடாது. அடைவு நம் அலமாரியை விட்டு வெளியே செல்லாதிருத்தலும், யாருடைய படிவமும் அவர் இசைவின்றிப் பிறர் கைக்குப் போகாதிருத்தலும் சங்கத்தின் விதியாக எழுதப்படல் வேண்டும்.

பொறி செய்யத்தக்கது ஒன்று. மனிதர் செய்யத்தக்கது ஒன்று. ஆயிரம் படிவங்களுள் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்வது பொறியின் தொழில். ஒப்பிட்டு, ஊர் கேட்டு, குலதெய்வம் கேட்டு, பாட்டி பெயர் கேட்டு, ஆம் என்றோ அன்று என்றோ துணிவது நம் தொழில். அமெரிக்க அட்டைகளிலும் குறி காட்டியது ஏட்டின் பக்கத்தையே; அம்முதியவரின் வயதை உறுதிசெய்தது அவ்வேட்டில் இருந்த தாய் தந்தையர் பெயர்களே.

ஆதலின் இக்கூட்டத்திற்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். படிவம் நிரப்புவோர் தம் பெயரைத் தமிழிலும், சான்றிதழிற் கண்டபடி ஆங்கிலத்திலும், வீட்டில் அழைக்கும் வண்ணமும் மூன்று வகையாக எழுதித் தருக. எண்பது வயது கடந்த பெரியோர் பெயரை அவர் வாயினின்றே கேட்டு எழுதுக. அவர்தம் உச்சரிப்பே மூலம், நம் எழுத்தெல்லாம் படி. ஆவணங்களில் பெயர் வேறுபட்டதனால் உதவித் தொகை நின்றுபோன கைம்பெண்களின் விவரத்தை முதலிற் சேகரித்து, அவர்க்கு வேண்டும் உறுதிமொழிப் பத்திரம் முதலியவற்றைச் சங்கச் செலவில் செய்து கொடுத்தபின் மற்றை அடைவு வேலையைத் தொடங்குக. அமெரிக்கர் தம் ஏட்டிற் சிறு குழந்தைகள் இருந்த குடும்பங்களையே முதலில் எடுத்துக்கொண்டது, உதவி யார்க்கு முதலில் வேண்டுமோ அவர்க்கு முதலில் செய்தல் என்னும் அறத்தினாலேயாம். நாமும் அவ்வறத்தையே முதலாகக் கொள்வோமாக.